அனல்பெட்டியும் என் மாமனாரும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே என் மாமனார் எங்கள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டார்.

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் கரண்டு வந்திருந்தது. வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்று அப்பா பட்டப்பகலில் கூடத்து பல்பை எரியவிட்டிருந்தார். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் உட்காரவில்லை. மேலே பார்த்தார், வாசலைப் பார்த்தார், திரும்பவும் மேலே பார்த்தார். பிறகு சுவரோரம் போய், "வெளியில வெய்யல் அடிக்குதுங்களே, போதுமுங்க" என்று விளக்கிடம் சொல்லிவிட்டு சுவிட்சைத் தட்டினார். எங்கள் கூடத்தில் சன்னல் பெயருக்குத்தான். சரியாக அந்த நேரத்தில் நான் காப்பித் தட்டோடு நுழைந்தேன். மாப்பிள்ளை என்று நினைத்து நான் முதல் டம்ளரை நீட்டியது கல்யாணத் தரகரிடம்.

"பொண்ணு பயப்படுது" என்றார்கள். எனக்குப் பயமில்லை, கோபம். விளக்கை அணைத்தது யார் என்று அப்போதே குறித்து வைத்துக்கொண்டேன். ஆறு வாரத்தில் அதே ஆள் எனக்கு மாமனார் ஆனார்.

வீணாக ஓடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. எரிவது, சுற்றுவது, கத்துவது எதுவானாலும் சரி. யாருடையது, எதற்காக என்றெல்லாம் கேட்க மாட்டார். போய் நிறுத்துவார். அதையும் மரியாதையாகச் செய்வார். விளக்கானாலும் மோட்டாரானாலும் "போதுமுங்க" என்று அதனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். ஊரில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. மருமகள் வாயால் அதைச் சொல்வது நன்றாக இருக்காது.

பஞ்சாயத்து ரேடியோ சாயங்காலம் செய்தி சொல்லும். ஒருநாள் தூறல் போட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலைந்து, இரண்டு பேர்தான் மிச்சம். மாமனார் போய் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கே வந்து நியாயம் கேட்டார்.

"ரெண்டு பேருக்கு, ஊருக்கே கேக்கறாப்புல கத்தோணுமுங்களா? பாவமுங்க அந்தாளு" என்றார் மாமனார்.

செய்தி வாசிக்கிறவருடைய தொண்டைக்காகப் பரிந்து பேசிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் மோர் கொண்டுவந்தேன். வேறு என்ன செய்வது?

இன்னொரு தடவை சேலம் போகும் பஸ்ஸில் நானும் கூட இருந்தேன். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது, எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மாமனார் இருக்கையில் நெளிந்தார். நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். எழுந்தே விட்டார்.

"ஏனுங்க டிரைவருங்க, வண்டி நிக்குதுங்களே, எஞ்சின் எதுக்குங்க ஓடுது?"

டிரைவர் நல்ல மனுஷன். பெரியவர் சொல்கிறாரே என்று நிறுத்தினார். ரயில் போயிற்று, கேட் திறந்தது, எஞ்சின் கிளம்ப மறுத்துவிட்டது. பெண்கள் குழந்தைகள் தவிர பஸ்ஸே இறங்கித் தள்ளியது. எல்லோருக்கும் முன்னால் இறங்கி முழு மூச்சாகத் தள்ளியவர் மாமனார்தான். வேர்க்க விறுவிறுக்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தன எண்ணெ மிச்சமாயிருக்கும் பாருங்க சாமி" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. பின்சீட்டில் இருந்தவர்கள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கஞ்சத்தனம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் பிச்சைக்காரன் வந்தால் படியில் அரிசி கோபுரமாக நிற்கும். பிறகுதான் புரிந்தது. சின்ன வயதிலிருந்து அவர் கவலை ஏற்றம் ஓட்டியவர். கிணற்றிலிருந்து தோல்பறியில் தண்ணீர் இறைக்க மாடுகள் சரிவில் இறங்கி இழுக்கும், மறுபடி ஏறும், மறுபடி இழுக்கும். அந்த மாடுகளின் பின்னாலேயே பாதி ஆயுசு போயிருந்தது. கிணற்றுக்கு மோட்டார் வந்த பிறகும் பார்வை மாறவில்லை. எது ஓடினாலும் யாரோ ஒருவர் நுரை தள்ள இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அவர் நினைப்பு. தண்ணீர் பாய்ச்சி முடிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் முதுகைத் தடவிக் கொடுப்பார். மின்சார ஆபீசிலிருந்து வந்த ஆள் இதைப் பார்த்துவிட்டு, "பெருசு, ஷாக் அடிக்கும்" என்றான். "நம்மள ஒண்ணும் பண்ணாதுங்க, பழகிருச்சுங்க" என்றார்.

இந்த மனிதர் இருக்கும் வீட்டில்தான் நான் கோழிப்பண்ணை வைத்தேன்.

கோழி வளர்ப்பு அப்போதுதான் எங்கள் பக்கம் தலைகாட்டிக்கொண்டிருந்தது. நான் நாலு இடம் போய்ப் பார்த்து, விசாரித்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த நீளக் கொட்டகையில் வெள்ளைச் சீமைக் குஞ்சுகளை இறக்கினேன். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் சில வாரம் நாம்தான் சூடு கொடுக்க வேண்டும். குறைந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியும், அடியில் இருப்பது நசுங்கும். கூடினால் வாயைப் பிளந்துகொண்டு மூலைக்கு ஓடும். நான் கரியடுப்பு வைத்தேன். அந்தப் புகையிலும், அடுப்பு அணைந்த குளிரிலும் பாதிக்கு மேல் போய்விட்டன.

என் வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. தூக்கத்திலும் லாரிதான். "இன்னொருக்கா வேணா செஞ்சு பாரு. இதுவும் போச்சுன்னா கொட்டாயக் காலி பண்ணீரோணும். நாம ஒரு லாரி போட்டா நிறுத்த எடம் வேணும்" என்றார். நானும் வீம்புக்குச் சரி என்றேன். அந்த வீட்டில் நானாகத் தொடங்கியது என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கொட்டகைதான். அதை லாரிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. மாமனார் யார் பக்கமும் பேசவில்லை. எழுந்து போகும்போது பழக்கதோஷத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போனார். மிச்சச் சண்டையை நாங்கள் இருட்டில் போட்டு முடித்தோம்.

இரண்டாம் தடவைக்கு எனக்குக் கிடைத்தது அனல்பெட்டி. ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவைக் காலி செய்தபோது ஏலத்தில் வந்த சாமான். வீட்டையே சூடாக்க வைத்திருந்தாராம். பட்டறைக்கு மோட்டாரும் தகடும் ஆகுமே என்று என் வீட்டுக்காரர் எடுத்து வந்திருந்தார். நான் விடவில்லை. அந்தப் பங்களாவில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் சூசையைச் சேலத்திலிருந்து வரவழைத்து, கொட்டகைக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னேன். நம் ஊர் வெயிலில் வீட்டுக்குச் சூடேற்றும் பெட்டியா என்று தெருவே வந்து பார்த்துச் சிரித்தது.

பீரோ மாதிரி நிற்கும் கனமான வார்ப்பிரும்புப் பெட்டி. அடியில் மண்ணெண்ணெயைப் பீய்ச்சி எரிக்க ஒரு மோட்டார். புகை குழாய் வழியாக மேலே போய்விடும். தீயின் மேல் காற்று படாது, சுட்ட இரும்பின் மேல்தான் படும். அந்தச் சூட்டுக் காற்றை ஒரு பெரிய உருளை விசிறி தகரக் குழாய் வழியாகக் கொட்டகைக்குள் தள்ளும். சூசை எங்களை வரிசையாக நிற்கவைத்து விளக்கினார்.

"உள்ள சுவத்துல ஒரு டப்பா மாட்டியிருக்கேன். குஞ்சுக்குக் குளிர்ந்தா அது தீயைப் பத்தவைக்கும். பத்தினவுடனே விசிறி ஓடாதும்மா. இரும்பு காயற வரைக்கும் காத்திருக்கும். இல்லேன்னா பச்சைக் காத்து குஞ்சு மேல அடிக்கும். அப்புறம் உள்ள போதுமான சூடு வந்ததும் தீ அணைஞ்சுடும். ஆனா விசிறி நிக்காது. இரும்புல இருக்கிற சூட்டை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துட்டுத்தான் நிக்கும்."

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வட்டத் தகடும் முள்ளும் இருந்தன. தகட்டில் மூன்று அடையாளங்கள். கீழே உள்ளது விசிறி நிற்கிற சூடு, நடுவில் உள்ளது விசிறி கிளம்புகிற சூடு, மேலே சிவப்பாக இருப்பது எல்லை. முள் சிவப்பைத் தொட்டால் பக்கத்தில் உள்ள பொத்தான் துள்ளி வெளியே வந்து தீயை வெட்டிவிடும். நாமாகப் பார்த்து அமுக்கினால்தான் மறுபடி பற்றும். எங்கள் கூரை பனையோலை. அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் கூரையே போய்விடும் என்றார் சூசை.

மாமனார் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பிறகு, "ஏனுங்க, தீ எரியறப்ப சும்மா இருக்குது, தீ அணைஞ்சப்புறம் ஓடுதுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"தலைகீழாவில்லீங்க இருக்குது?"

சூசை மறுபடி முதலிலிருந்து சொன்னார். மாமனார் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை என்பது எனக்குத் தெரியும், சூசைக்குத் தெரியாது.

குஞ்சுகள் வந்தன. கார்த்திகை மாதம், விட்டு விட்டு மழை. முதல் மூன்று நாள் கொட்டகை கதகதவென்று இருந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நான்காம் நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் பெட்டி சில்லென்று கிடக்கிறது. பொத்தான் துள்ளி வெளியே நிற்கிறது. குஞ்சுகள் மூலையில் குவிந்து கத்துகின்றன. பொத்தானை அமுக்கினேன், பற்றிக்கொண்டது. மறுநாள் மத்தியானமும் அதே கதை. ஐந்தாறு குஞ்சுகள் செத்துவிட்டன.

சூசைக்கு ஆள் அனுப்பினேன். வந்து எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, மாட்டினார். அவர் இருந்த வரைக்கும் பெட்டி பசு மாதிரி இருந்தது. அவர் போன மறுநாள் பொத்தான் துள்ளியது. மறுபடி வந்தார். விசிறியின் பெல்ட்டைப் பார்த்தார், குழாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார். "சேசுவே, இது தானாத் துள்ளாதும்மா. விசிறி ஓடலேன்னாத்தான் சூடு உள்ளயே தேங்கித் துள்ளும். விசிறி நல்லாத்தானே ஓடுது!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எலியா இருக்குமுங்க" என்றார் மாமனார், உண்மையான கவலையோடு. எலிப்பொறி வைத்தவரும் அவர்தான்.

மத்தியானம் நான் சாப்பிடப் போகும்போது பெட்டியைப் பார்த்துக்கொள்வது மாமனார் பொறுப்பு. இதைச் சொன்னவுடன் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு ஒரு வாரம் புரியவில்லை. கவலையில் புத்தி மழுங்கிப்போயிருந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்காமல் பாதியிலேயே எழுந்து போனேன்.

பெட்டிக்கு முன்னால் மாமனார் நின்றுகொண்டிருந்தார். தீ அப்போதுதான் அணைந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அது நிற்கிற வழியாக இல்லை.

"அவரே அணைஞ்சு போயிட்டாருங்க. நீங்க மட்டும் எதுக்குங்க ஓடறீங்க? போதுமுங்க" என்று சொல்லி மெயின் சுவிட்சை இறக்கினார்.

விசிறி நின்றது. முள் ஏறத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று பொத்தான் துள்ளியது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. சற்று இளைப்பாறட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு சுவிட்சைப் பழையபடி ஏற்றிவிட்டார். விசிறி ஓடி நின்றது. எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. தீ மட்டும் இனிமேல் பற்றாது.

"மாமா!" என்று கத்தினேன். கல்யாணமான நாள் முதல் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று என்னை நிறுத்த யாராலும் முடிந்திருக்காது. "எலி எலின்னு பொறி வெச்சீங்களே, நீங்கதானா அது? என் குஞ்செல்லாம் சாகுது மாமா!"

அவர் குஞ்சுகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கெடுதல் செய்கிறோம் என்று அவருக்குத் துளியும் தெரியாது. அது தெரிந்த கணத்தில் அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

"அது ஓடிக்கிட்டே கெடந்துச்சுங்க சாமி" என்றார், மெல்ல.

சூசை மாதிரி விளக்கினால் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. "மாமா, கவலை ஓட்டி அவிழ்த்த மாட்டை அப்படியே கட்டுத்தறியில கட்டிடுவீங்களா?"

"அதெப்படிங்க? மூச்சு வாங்கிட்டு நிக்குமே. நாலு சுத்து மெள்ள நடத்தி, ஒடம்பு ஆறுனப்புறந்தான் கட்டோணும்."

"தீ அணைஞ்சதும் இந்தப் பெட்டி அப்படித்தான் நிக்குது. விசிறி அதை நடத்திக் கூட்டிட்டுப் போய் ஆத்துது. நீங்க நுரை தள்ற மாட்டை இழுத்துக் கட்டுறீங்க."

அவர் பெட்டியருகே போய் வெறுங்கையை வைத்துப் பார்த்து, சட்டென்று இழுத்துக்கொண்டார். "அட சாமி, இந்தக் காச்சல் காயுதுங்களா!" என்றார். அத்தனை நாளும் அவர் சுவிட்சைத்தான் தொட்டிருந்தார், பெட்டியைத் தொட்டதில்லை.

அதற்குப் பிறகு தலைவலி வேறு மாதிரி வந்தது. பெட்டிக்குக் காவல் உட்கார்ந்துவிட்டார். யாரும் கிட்டே வரக்கூடாது. சுத்தம் செய்ய வந்த சூசை சுவிட்சை நிறுத்தப் போக, "இருங்க, இன்னும் ஆறலீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, வீட்டு விளக்குகளை அணைக்க அவருக்கு நேரமே இருக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் விடியும்போதே பெருங்காற்றும் மழையும். ஏரிக்கரைப் பக்கம் மின்கம்பம் சாய்ந்து ஊருக்கே கரண்டு போயிற்று. என் வீட்டுக்காரர் முதல்நாளே ஒரு லாரியோடு சேலம் போயிருந்தார். பெட்டி செத்துக் கிடந்தது. எண்ணெய் பீய்ச்சும் மோட்டாரும் இல்லை, விசிறியும் இல்லை. ஓலை இடுக்கில் ஊதல்காற்று புகுந்தது. குஞ்சுகள் குவியத் தொடங்கின. நான் கையால் விலக்க விலக்க மறுபடி குவிந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவுதான், லாரிக்கு இடம் ரெடி என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க சாமி, இந்தக் கதவு எதுக்குங்க?" என்றார் மாமனார்.

பெட்டியின் நெஞ்சில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. எண்ணெய்க்கு மாற்றுவதற்கு முன் அதில் கரி போட்டு எரித்தார்கள் என்று சூசை சொல்லியிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் விறகுக்கு ஓடிவிட்டார். கருவேலங்கட்டையைச் சிறுசாக வெட்டிப் போட்டுப் பற்றவைத்தோம். புகை குழாயில் ஏறியது. இரும்பு காய்ந்தது. ஆனால் சூடு பெட்டிக்குள்ளேயே நின்றது.

மாமனார் விசிறியின் பெல்ட்டைக் கழற்றினார். தலைத்துண்டை அந்தப் பெல்ட் ஓடும் சக்கரத்தின் கம்பியில் சுற்றினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையால் சுற்ற ஆரம்பித்தார்.

முதலில் முனகிக்கொண்டு நகர்ந்தது, பிறகு ஓடியது. குழாய் வாயில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக வந்தது.

இந்த விறகுத் தீயை வெட்டப் பொத்தானால் முடியாது, அதற்கு வெட்டத் தெரிந்தது எண்ணெய்த் தீயை மட்டும்தான். மேலே பனையோலை. அதனால் நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "ஏறுது மாமா, வேகமா!" என்பேன், அவர் வேகமாகச் சுற்றுவார். "சிவப்புக்குப் போகுது!" என்று கத்திக்கொண்டு இடுக்கியால் கட்டையை வெளியே இழுப்பேன். "இறங்குது, மெதுவா மெதுவா" என்பேன், மெதுவாக்குவார். ஒரு தடவைகூட அவர் தானாக நிறுத்தவில்லை. "நான் சுத்தறேன், கொஞ்சம் எழுந்திருங்க" என்றேன். "நீங்க முள்ளப் பாருங்க சாமி, எனக்கு அந்தப் படிப்பெல்லாம் வராதுங்க" என்றார். மத்தியானச் சாப்பாட்டை உருண்டையாக உருட்டி நான்தான் அவர் வாயில் ஊட்டினேன். ஒரு கையால் என் கையை விலக்கி, "போதுமுங்க" என்பார். அது சோற்றுக்கு. சக்கரத்துக்கு அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

குஞ்சுகள் மெல்ல மெல்லக் கலைந்து தீனிக்குப் போயின. எனக்கு அவர் மேல் இருந்த பழைய கோபமெல்லாம், தரகருக்குக் காப்பி கொடுத்தது உட்பட, அன்றோடு போயிற்று. அந்த மனிதரை அவ்வளவு பிடித்தது.

பொழுது சாயும் நேரம் கரண்டு வந்தது. அவர் கையை எடுத்தபோது விரல்கள் விரியவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் உடைந்து துண்டோடு ஒட்டியிருந்தது. நான் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் மழையில் நனைந்து வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார். கொட்டகை நிறையக் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைத்தான் பார்த்தார்.

"இந்த வயசுல உங்களுக்கு இது தேவைங்களாப்பா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "குஞ்சு பொழைச்சுது, சரி. வளந்ததும் வித்துட்டு இதோட நிறுத்திக்கலாம். இந்தப் பாடு இந்த ஊட்டுக்கு வேண்டாம்."

அந்தக் கைகளை என் மடியில் வைத்துக்கொண்டு நான் எந்த வாயால் என் பண்ணைக்காகப் பேசுவது? முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாமனார் தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தார்.

"நிறுத்தறதுக்கா கண்ணு இத்தன நேரம் சுத்துனேன்?" என்றார்.

என் வீட்டுக்காரர் ஈரச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்க் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்தார்.